உதவியுடன் செய்வார்

அம்மா டீச்சருக்குப் பொறாமை என்று சொன்னால் அந்தப் பள்ளியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வாசல் காவலாளி தொடங்கித் தலைமையாசிரியர் வரை, அவங்க மனசு தங்கமாச்சே என்றுதான் சொல்வார்கள். தங்கம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் தங்கத்தையும் உரசிப் பார்க்க ஒரு கல் வரும். அம்மா டீச்சரின் ஐம்பத்திரண்டாவது வயதில் அந்தக் கல் வந்தது. கல்லுக்கு வயது இருபத்தொன்பது. முதுகில் ஒரு பை, லேசில் சிரிக்காத முகம்.

பள்ளியின் பின்பக்கம், கழிவறைக்கும் பழைய பெஞ்சுகள் அடைத்துவைத்த அறைக்கும் நடுவில் இருந்தது தனி வகுப்பு. வளர்ச்சியில் தாமதம் உள்ள பன்னிரண்டு பிள்ளைகள் அதில் படித்தார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், யாரோ ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதற்காக மூன்று மாதத்துக்கு என்று வந்தவள்தான் அம்மா டீச்சர். அதற்கு முன் ஒரு தட்டச்சு நிலையத்தில் விண்ணப்பம் அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விடுப்பில் போனவள் திரும்பி வரவில்லை, வந்தவள் திரும்பிப் போகவில்லை. எச்சில் துடைத்தாள், பொத்தான் மாட்டினாள், சாப்பாட்டு டப்பா திறந்தாள், ஷூ கயிறு கட்டினாள். பிள்ளைகள் ஒரு நேரம் அம்மா என்றும் ஒரு நேரம் டீச்சர் என்றும் கூப்பிட்டு, கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிரும்.

அவள் வாயில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வரும் சொல் 'பாவம்'. பாவம், குழந்தைக்கு என்ன தெரியும். பாவம், விடுங்க, நான் பண்றேன். பிரியம் இல்லாத இடத்தில் அந்தச் சொல் வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு பக்கப் படிவம் ஒன்று எழுத வேண்டும். சாப்பிடுவது, உடுத்துவது, எண்ணுவது, எழுத்துக் கூட்டுவது என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்று கட்டம்: தானாகச் செய்வார், உதவியுடன் செய்வார், செய்ய இயலாது. அம்மா டீச்சர் எப்போதும் நடுக்கட்டத்தில்தான் குறி போடுவாள். முதல் கட்டத்தில் போட்டால் நாளைக்கு யாராவது வந்து, எங்கே செய்து காட்டச் சொல்லு என்பார்கள். மூன்றாவதில் போட்டால் பெற்ற வயிறு கலங்கும். நடுக்கட்டத்தில் ஒருவருக்கும் மனஸ்தாபம் இல்லை. நாலைந்து வருடம் போனதும் அவள் படிவத்தைப் படிப்பதைக்கூட விட்டுவிட்டாள். போன வருடத்தைப் பார்த்து இந்த வருடத்தை எழுதினாள், அவ்வளவுதான்.

பாப்பாவின் கோப்பில் அப்படி ஆறு படிவங்கள் இருந்தன. பாப்பாவுக்குப் பதினாறு வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். பத்து வயதில் வந்து சேர்ந்தபோது பாப்பா, இப்போதும் பாப்பா. அம்மா டீச்சருக்கு அவள் மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம். தாய்க்கோழி பின்னால் குஞ்சு போலத் திரிவாள். எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு தடவை அம்மா டீச்சர் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே அம்மா டீச்சர் காய்ச்சலிலும் விடுப்பு எடுக்காமல் வந்த நாட்கள் உண்டு.

இந்த நேரத்தில்தான் தனி வகுப்புக்கு இரண்டாவது டீச்சர் என்று அந்தக் கல் வந்து சேர்ந்தது.

புதியவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பிள்ளை தடுமாறினால் ஓடிப்போய்ப் பிடிக்கமாட்டாள். மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவாள், உதடு மட்டும் அசையும். பத்து முடிந்தும் ஆகவில்லை என்றால்தான் கை நீளும், அதுவும் ஒரே ஒரு விரல். சட்டைப் பொத்தானுக்கும் பத்து, கணக்குக்கும் பத்து, பேச்சுத் திக்குகிற பிள்ளை ஒரு வார்த்தை சொல்வதற்கும் பத்து. இரண்டே வாரத்தில் பள்ளி முழுவதும் அவளுக்குப் பத்து டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்ததே அம்மா டீச்சர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுக்கவும் இல்லை.

முதல் அடி தண்ணீர் பாட்டிலில் விழுந்தது. பாப்பா பாட்டிலை நீட்டிக்கொண்டு வந்தாள். அம்மா டீச்சர் கை நீட்டுவதற்குள் பத்து டீச்சர் நடுவில் வந்து, நீயே திற என்று சொல்லிவிட்டு உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். பாப்பா மூடியைப் பிடித்துத் திருகினாள், வழுக்கியது, சட்டை நுனியால் பிடித்துத் திருகினாள். அம்மா டீச்சரின் விரல்கள் இங்கே தானாகத் திருகிக்கொண்டிருந்தன. எட்டில் மூடி கழன்றது. பாப்பா பாதித் தண்ணீரைத் தன்மேல் கொட்டிக்கொண்டு, மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எங்கே ஓடினாள்? பத்து டீச்சரிடம். ஆறு வருடம் திறந்துவிட்டவள் இங்கே மரம் மாதிரி நிற்கிறாள், எட்டு எண்ணினவளிடம் போய்க் காட்டுகிறாள் கழுதை.

அன்று சாயங்காலம் அம்மா டீச்சர் வயிறு எரிகிறது என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினாள். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என்று கடைக்காரர் சொன்னார். பாவம், அவர் வேறு எரிச்சல் என்று நினைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியங்களை அவளே யாரிடமும் சொல்லமாட்டாள், நான்தான் சொல்ல வேண்டும். பத்து டீச்சர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் இவள் இந்தப் பக்கம் வந்து பன்னிரண்டு பாட்டில் மூடிகளையும் தளர்த்திவைத்தாள். பத்து டீச்சர் சுவரில் ஒட்டிய எண் அட்டைகளை, சுவரில் ஈரம் என்று கழற்றி அலமாரி மேல் போட்டாள். சுவர் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. பெற்றோர் யாராவது புது டீச்சரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால், சின்ன வயசு இல்லையா, வேகம் இருக்கும் என்று சொல்லிச் சிரித்தாள். உதட்டில் தேன், உள்ளே மிளகாய்.

ஒரு நாள் சொல் அட்டைகளை வைத்துப் பாப்பாவுக்குப் பயிற்சி நடந்தது. மேசையில் நாலு அட்டை வைப்பார்கள், கேட்ட சொல்லை அவள் எடுக்க வேண்டும். அம்மா டீச்சர் எதிரில் உட்கார்ந்து கேட்டாள். பத்துக்குப் பத்து. பார்த்தாயா என்பதுபோல் நிமிர்ந்தாள். பத்து டீச்சர் அன்றைய செய்தித்தாளைக் கொண்டுவந்து கொடுத்து, அதை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள். கேட்டாள். பத்துக்கு இரண்டு.

"பாப்பா அட்டையைப் படிக்கல டீச்சர். உங்க முகத்தைப் படிக்கிறா. நீங்க சொல்லும்போதே உங்க கண்ணு சரியான அட்டைக்குப் போயிடுது."

குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அம்மா டீச்சர் செய்தித்தாளை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். என் முகத்தைப் படிக்கிறாளாம். படிக்கட்டுமே, என் முகம் என்ன கெட்ட புத்தகமா என்று வழியெல்லாம் வாய்க்குள் பேசிக்கொண்டே போனாள்.

மறுநாளிலிருந்து பத்து டீச்சர் பாப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பாடம் எடுத்தாள். பாப்பா திரும்பினால் அவளும் திரும்பிக்கொள்வாள்; முகம் கிடைக்காது, முதுகுப்பை ஜிப்தான் தெரியும். பாப்பா முதல் வாரம் அழுதாள், இரண்டாம் வாரம் அட்டைகளைக் கீழே தள்ளினாள். அம்மா டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான நிம்மதி. நான் அப்பவே சொன்னேனே என்று சொல்வதற்கு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தாள். ஐந்தாவது வாரம் பாப்பா மூன்று இலக்க எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். அந்த வார்த்தைகள் தயாராக இருந்தபடியே வீணாய்ப் போயின.

அம்மா டீச்சரின் கணவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பிழை பார்ப்பதே தொழில், வீட்டிலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கமாட்டார். சாப்பிட்டுக்கொண்டே அவள் புகாரை முழுதாகக் கேட்டார். பிள்ளைகளை அழவிடுகிறாள், இதயம் இல்லாதவள், பாவம் என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது என்று அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"நம்ம பொண்ணு அஞ்சு வயசுல செருப்பு வார் மாட்டத் தெரியாம வாசல்ல உக்காந்து அழுதா. நீ அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு என்ன சொன்னே?"

"நீயே மாட்டு, பஸ் போயிடும்னு சொன்னேன்."

"மாட்டினாளா?"

"மாட்டினா. அதுக்கென்ன? அவ வேற, இவங்க வேற."

"அதைத்தான் அந்தப் புது டீச்சர் ஒத்துக்க மாட்டேங்கறா போல."

அவர் தட்டில் அதற்குமேல் ஒன்றும் விழவில்லை. அவராகவே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

பள்ளி ஆண்டு முடியும் நேரத்தில் பொது நூலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. புத்தகம் அடுக்கும் வேலைக்கு ஒரு வருடப் பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. தனி வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று ஒரே ஓர் இடம், பதினாறு வயது முடிந்து பதினேழு முடியாதவராக இருக்க வேண்டும். வண்டியில் இருக்கும் இருபது புத்தகங்களை முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்து, யார் உதவியும் இல்லாமல், உரிய அடுக்கில் வைத்துக் காட்ட வேண்டும். பாப்பாவுக்கு இந்த ஒரு வருடம்தான் வயது சரியாக இருந்தது. விட்டால் பதினெட்டு வரை தனி வகுப்பு, அதற்குப் பிறகு வீடு. வீடு என்றால் என்ன என்று அம்மா டீச்சருக்குத் தெரியும். அவளிடம் படித்துவிட்டுப் போன ஒருவன் அவள் பஸ் ஏறும் தெருவில்தான் இருக்கிறான். இருபத்தாறு வயது. காலையில் ஜன்னல் ஓரம், சாயங்காலம் அதே ஜன்னல் ஓரம்.

பத்து டீச்சர் விண்ணப்பத்தை வாங்கிப் பாப்பாவின் தாயிடம் கொடுத்தாள். தாய் துணி ஆலையில் மெஷினில் தைப்பவள். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்தவள், நேராக அம்மா டீச்சரிடம்தான் வந்தாள். நீங்க சொன்னா சரிதான் டீச்சர், அனுப்பட்டுமா வேண்டாமா என்றாள். பத்து டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா டீச்சரின் காதில் தேன் பாய்ந்தது. எத்தனை மூடி திறந்தாலும் கேட்க வேண்டிய இடம் எது என்று இவளுக்காவது தெரிகிறதே.

"பாவம்மா, குழந்தை. அங்க போய் முழிச்சுக்கிட்டு நின்னா நாலு பேர் சிரிப்பாங்க. நம்மகிட்டயே இருக்கட்டும்."

தாய் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்தாள். அதுவரை மேசையில் பென்சில்களை அடுக்கிக்கொண்டிருந்த பாப்பா எழுந்து வந்தாள். தாயின் கையிலிருந்து தாளை வாங்கி, பிரித்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து மடிப்பை எடுத்தாள்.

"நான் போறேன்."

அம்மா டீச்சர் தற்செயலாக வாசல் பக்கம் பார்த்தாள். பத்து டீச்சரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. யாருக்காக எண்ணுகிறாள்? பாப்பாதான் சொல்லி முடித்துவிட்டாளே. அப்போதுதான் உறைத்தது, எண்ணுவது தனக்காக. இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு, நேற்று வந்தவள் நின்று பத்து எண்ணுகிறாள். ஆறோ ஏழோ ஆகியிருக்கும், அதற்குள் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, சரி எழுதிக் கொடுங்க, போய்த்தான் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள். நல்ல எண்ணத்தில் சொன்னாள் என்று நான் சொல்லமாட்டேன்.

தேர்வன்று பாப்பாவுக்குப் பழக்கமான ஒருவர் உள்ளே உட்காரலாம் என்று நூலகர் சொன்னார். யார் வேண்டும் என்று பாப்பாவையே கேட்டார். பாப்பா அம்மா டீச்சரின் கையைப் பிடித்தாள். ஐந்து மாதமாக எரிந்த வயிற்றில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது போல் இருந்தது. மாத்திரையில் அடங்காதது அந்தக் கைப்பிடியில் அடங்கியது. பத்து டீச்சர் முகம் வாடும் என்று பார்த்தாள். அது வாடவில்லை, பின்னாடி உக்காருங்க டீச்சர் என்று மட்டும் சொன்னது. அம்மா டீச்சர் உள்ளே போய் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எதிரே இரண்டு உயரமான அடுக்குகள், நடுவில் தள்ளுவண்டி. ஒரு பக்கம் நூலகர், அவர் பக்கத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, மடியில் பாப்பாவின் கோப்பு. பாப்பா ஒவ்வொரு புத்தகமாக எடுத்தாள், எண்ணை விரலால் தொட்டாள், அடுக்கைத் தேடினாள், வைத்தாள். மெதுவாகத்தான். ஆனால் ஒரு புத்தகம்கூட இடம் மாறவில்லை. அம்மா டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையாக இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் பெருமையோடு பெருமையாக இன்னொன்றும் வந்து நின்றது. பத்தொன்பது புத்தகம் போய்விட்டது, இந்தப் பெண் ஒரு தடவைகூடத் தன் பக்கம் திரும்பவில்லை.

இருபதாவது புத்தகத்தில் பாப்பா நின்றாள். இடது அடுக்கைப் பார்த்தாள், வலது அடுக்கைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அம்மா டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு அவள் எத்தனை மாதம் ஏங்கியிருந்தாள். உடம்பெல்லாம் உருகிவிட்டது. செய்தித்தாள் இல்லை, நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள் இல்லை, பழையபடி நீயும் நானும்தான். எண் இங்கிருந்தே தெரிந்தது, அறுநூற்றுப் பதினாலு. யாரும் சொல்லாமல் அவள் கண் இடது அடுக்குக்குப் போனது.

பாப்பா இடது பக்கம் ஓர் அடி வைத்தாள். நின்றாள். புத்தகத்தைக் கண்ணருகில் தூக்கி விரல் வைத்தாள். ஆறு, நாலு, ஒண்ணு. மறுபடி அம்மா டீச்சரைப் பார்த்தாள்.

"இல்ல டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. தப்பான பஸ்ஸில் ஏறப்போகிறவரிடம் சொல்வதுபோல் சொன்னாள். திரும்பி நடந்து வலது அடுக்கில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முடிஞ்சுது என்று நூலகரிடம் சொன்னாள். நூலகர் சரிபார்த்துவிட்டு அவளை அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

அதிகாரி போகவில்லை. கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். இருபதும் சரிதான், ஆனால் கடைசிப் புத்தகத்துக்கு அவள் உங்களைத் திரும்பிப் பார்த்தாள், நீங்களும் கண்ணால் ஏதோ காட்டினீர்கள், நான் பார்த்தேன் என்றார். கோப்பிலும் ஆறு வருடமாக எல்லா வரியிலும் உதவியுடன் என்றுதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உதவி இல்லாமல் செய்தாள் என்று அவர் எப்படி எழுதுவது?

அம்மா டீச்சர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை பாப்பா தனி வகுப்பில் இருப்பாள். பத்து டீச்சரின் ஐந்து மாதம் கண் எதிரில் கவிழும். இனிப்பான நினைப்பு அது. அதன் இனிப்பு நாக்கில் பட்டதை அவள் உணர்ந்தாள், உணர்ந்ததும் தன்னைக் கண்டே பயந்தாள். இத்தனை நாள் அந்தப் பெண் மேல் எரிந்தது பாப்பா அவளிடம் ஓடினாளே என்பதற்காக மட்டும் இல்லை. அவள் செய்வது சரி என்றால், இந்த இருபத்திரண்டு வருடம் நான் செய்ததற்கு என்ன பெயர்? அந்தக் கேள்வி வாசல்படி ஏறிவிடக் கூடாது என்றுதான் சுவரில் ஈரம் என்று சொன்னாள், நாலு பேர் சிரிப்பார்கள் என்று சொன்னாள்.

"நான் காட்டினேன் சார். ஆனா தப்பாக் காட்டினேன். அறுநூத்தி நாப்பத்தொண்ணை அறுநூத்திப் பதினாலுன்னு நினைச்சு இடது பக்கம் காட்டினேன். நான் சொன்னதைக் கேட்டிருந்தா அவ தோத்திருப்பா."

அதிகாரி எழுந்துபோய் இரண்டு அடுக்கையும் பார்த்துவிட்டு வந்தார்.

"அப்ப இந்தக் கோப்பு?"

"அதுவும் நான் எழுதினதுதான். அதுவும் தப்பு."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. பதிவைத் திருத்த ஒரு படிவம் இருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தால் போதும் என்று பையைத் திறந்தார். திறந்தவர் நிமிர்ந்து பார்த்து, இந்தப் பெண்ணுக்கு மட்டும்தானா, இல்லை மற்றப் பிள்ளைகளுக்கும் திருத்த வேண்டுமா, எத்தனை படிவம் எடுக்கட்டும் என்றார். அவர் மனதில் ஒரு கள்ளமும் இல்லை, தாள் எண்ணுவதற்காகத்தான் கேட்டார்.

"இவளோட சேர்த்து இப்ப படிக்கிறவங்க பன்னண்டு பேர்" என்றாள் அம்மா டீச்சர். பிறகு, "படிச்சு முடிச்சுப் போயிட்டவங்களுக்கும் படிவம் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"போனவங்களுக்கு எதுக்கு டீச்சர்? அதெல்லாம் மூடின கோப்பு."

அவர் நீட்டிய பன்னிரண்டு தாள்களையும் அவள் வாங்கிக்கொண்டாள். வெளியே பாப்பா, நூலகர் தந்த அடையாள அட்டையைக் கழுத்தில் தானே மாட்டிக்கொண்டிருந்தாள். நாடா காதில் சிக்கியிருந்தது. அம்மா டீச்சரின் கை எழுந்தது. பாதியில் நிறுத்தி, தாள்களோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.